வாயைத் திறந்து படுக்கும் விளையாட்டு

நீல நிறத்தில் காற்றடித்த ஒரு தண்ணீர்த்தொட்டி. அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் மூன்று பிள்ளைகள், மூன்று பேரின் காலிலும் செருப்பு, அதுவும் குதிகாலில் வாரை இறுக்கிப் பூட்டிய செருப்பு. கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடி வீட்டின் பின்முற்றத்தில், அந்தக் கோடை விடுமுறையின் ஆறு கிழமையும் இப்படித்தான் குளித்தோம். பக்கத்து வீட்டு ஜெர்மன் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். கழற்றவா என்று கேட்டால், சுவரோடு முதுகை ஒட்டிக் கதிரையில் இருக்கும் சின்னம்மா ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "காலில கிடக்கட்டும் பிள்ளை. ஓட வேண்டி வந்தா தேடிக்கொண்டு நிக்க ஏலாது." சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். மீண்டும் வானம்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. போர் முடிந்த அடுத்த வருடம் வன்னியில் இருந்து எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருடைய கணவரும் ஏழு வயது மகளும் போரின் கடைசி மாதங்களில் இறந்துபோயிருந்தார்கள். எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு ஒரு மருத்துவமனைக் குசினியில் சமையல். முந்தைய கோடைகளில் இருவரும் மாறி மாறி விடுப்பு எடுத்து எங்களைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை வீட்டில் பெரிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதியோடு இருவரும் வேலைக்குப் போனார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து, தங்கச்சிக்கு மூன்று.

இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர் மத்தியில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பன்னிரண்டு வயதிலேயே தம்பியையும் தங்கச்சியையும் சின்னம்மாவையும் குண்டில் இருந்து காப்பாற்றிய கெட்டிக்காரி என்று. பிறந்தநாள் விழாக்களில், சாமத்தியச் சடங்குகளில், என் கல்யாணத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டுகூட ஒரு மாமா இதைச் சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து சிரித்தேன். அந்தக் கதை பொய்.

சின்னம்மாவுக்குச் சில பழக்கங்கள் இருந்தன. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை எந்நேரமும் கட்டிய நிலையில் இருக்கும். அதற்குள் எங்கள் பிறப்புப் பத்திரங்களின் பிரதிகள், பால்மா, சீனி, பிஸ்கற், ஆளுக்கொரு சோடி உடுப்பு. கடைக்குப் போனால் உள்ளே நுழைந்ததும் எங்கே பதுங்கலாம் என்று கண்ணாலேயே தேடுவார். யாராவது புல் வெட்டும் இயந்திரத்தை இயக்கினால் உடனே நிமிர்ந்து மேலே பார்ப்பார். அங்கே ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் விமானத்தை 'வண்டு' என்பார்களாம், அது இப்படித்தான் இரையுமாம். கடையில் காசாளர் பெண் "குட்டன் டாக்" சொன்னால் பதில் சொல்லக் கூச்சப்பட்டு என் பின்னால் ஒளிகிற அதே சின்னம்மாதான்.

தம்பிக்கும் தங்கச்சிக்கும் அவர் ஒரு விளையாட்டுப் பழக்கியிருந்தார். அவர் கையைத் தட்டியதும் எங்கே நின்றாலும் குப்புறப் படுக்க வேண்டும். நெஞ்சு நிலத்தில் படக்கூடாது, முழங்கையை ஊன்ற வேண்டும். இரண்டு காதையும் பொத்த வேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும். கடைசியாகப் படுத்தவருக்குத் தோல்வி, முதலில் படுத்தவருக்கு ஒரு ரொபி இனிப்பு. இரண்டு பேருக்கும் இது உயிர். ஒருநாள் கடையில் யாரோ பெட்டியைக் கீழே போட, தங்கச்சி மரக்கறிப் பகுதிக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு விழுந்து படுத்துவிட்டாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவும் சின்னம்மாவும் நெடுநேரம் கதைத்தார்கள். விளையாட்டு நிற்கவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரிடம் இருந்த பயம் தடிமன் சளி தொற்றுவதுபோல எனக்கும் தொற்றிவிட்டது என்பதுதான் அதைவிடப் பெரிய கோபம். அதுவரை மருத்துவமனைக்குப் போகும் மஞ்சள் ஹெலிகொப்டரை நான் கவனித்ததேயில்லை. அந்தக் கோடையில் அது தூரத்தில் வரும்போதே நான் நிமிர்ந்து வானத்தில் தேடுவேன். படுக்கப் போகுமுன் நானும் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைக்கத் தொடங்கினேன்.

ஓகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. நெருப்பு வெயில். வெக்கை உள்ளே வராமல் இருக்க யன்னல்களின் வெளிமறைப்பை எல்லாம் இறக்கிவிட்டு இருட்டறைக்குள் நாங்கள் வத்தகப்பழம் தின்றுகொண்டிருந்தோம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. சின்னம்மா வாயில் விரலை வைத்து எங்களை அடக்கிவிட்டு, கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையால் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரத்தமில்லை. "உடுப்புப் போட்ட ஆக்கள்" என்றார். அவர் சொன்னது சீருடையை. பிறகுதான் எனக்குத் தெரியும், நகராட்சி ஆட்கள், செம்மஞ்சள் அங்கி போட்டவர்கள். ஆர் வந்தாலும் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமும்தான். மணி மூன்று தரம் அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் மெல்ல ஊர்ந்து வந்தது. எங்கள் நகரம் இருக்கும் இந்த ரூர் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதினமில்லை. இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் போட்டு வெடிக்காமல் போன குண்டுகள் இந்த மண்ணுக்குள் இன்னும் கிடக்கின்றன. எங்கேயாவது அத்திவாரம் தோண்டினால் ஒன்று அகப்படும். சுற்றியுள்ள தெருக்களை எல்லாம் காலி செய்வார்கள். ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று உறுதியான பிறகு ஒருவர் தனியே போய் அதைச் செயலிழக்கச் செய்வார். இந்த முறை அகப்பட்டது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, புதுக் கடை கட்டும் இடத்தில். எங்கள் தெருவின் பெயரையும் வாசித்தார்கள். எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், சந்தியில் பஸ் நிற்கிறது, பாடசாலை விளையாட்டு மண்டபம் பாதுகாப்பான இடம் என்றார்கள்.

நான் மொழிபெயர்த்தேன். "குண்டாம், சின்னம்மா. வெளிக்கிடட்டாம். பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம்." இன்றைக்கு நினைத்தால், ஒரு மனிசிக்குச் சொல்லவே கூடாத வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லி முடித்ததும் அவர் மாறிப்போனார். முதுகு நிமிர்ந்தது. துவாய்களைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார், போத்தல்களை நிரப்பினார், பையைத் தோளில் கொழுவினார், தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்தார். எல்லாம் இரண்டு நிமிடத்தில். வேலைக்குப் போகும் என் அம்மாவால்கூட எங்களை அரை மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடுத்த முடிந்ததில்லை. படியில் இறங்கும்போது, வெளியே போகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலைத் தாண்டி, கெல்லருக்கு இறங்கும் கதவைத் திறந்தார்.

கெல்லர் என்பது இங்கே எல்லா வீடுகளுக்கும் அடியில் இருக்கும் நிலவறை. மரச்சட்டம் அடித்து ஆளுக்கொரு அறையாகப் பிரித்திருப்பார்கள். எங்கள் பங்கில் சூட்கேசுகளும் அரிசி மூட்டைகளும் அப்பாவின் சைக்கிளும் கிடந்தன. உருளைக்கிழங்கும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மணம். அவர் அதற்கு முன்பே இந்த இடத்தைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். தயங்காமல் மூட்டைகளை இழுத்து அரணாக அடுக்கினார்.

"சின்னம்மா, வெளியில போகச் சொல்லித்தான் சொல்லுகினம்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஓம். அப்பிடித்தான் சொல்லுவாங்கள். அங்க வாங்கோ, அது பாதுகாப்பான இடம், அங்க அடிக்கமாட்டம் எண்டு." அவர் மூட்டையை இழுத்தபடியே சொன்னார், குரல் உயரவில்லை. "நம்பிப் போனனாங்கள் பிள்ளை. அங்கதான் அடிச்சவங்கள். பங்கருக்குள்ள இருந்ததுகள் தப்பிச்சுதுகள். இனி ஆர் சொன்னாலும் நான் வெளிக்கிடமாட்டன்."

அவர் கைதட்டினார். தம்பியும் தங்கச்சியும் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்தார்கள். என்னையும் படுக்க வைத்தார். தான் அவர்களுக்கு மேலே கவிழ்ந்து, ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கையை விடாத" என்றார். என் மற்றக் கையைத் தம்பி பிடித்துக்கொண்டான். வத்தகப்பழச் சாறு காயாத பிசுபிசுத்த கை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் மேலே காலடிகள் கேட்டன, அயலவர்கள் போனார்கள். பிறகு கார்கள். பிறகு எதுவுமில்லை. வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போகும் ட்ராம் போகவில்லை. ஒரு நகரம் முழுவதும் எழுந்து போய்விட்டது, நாங்கள் மட்டும் அதற்கு அடியில் கிடக்கிறோம். குண்டு வெடித்தால் மூன்று மாடியும் எங்களுக்கு மேல் விழும் என்று கணக்குப் போட்டேன். மேல்வீட்டுக்காரரின் பியானோகூட நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பியானோவைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ரொபி எப்போது தருவீர்கள் என்று தம்பி கேட்டான். சின்னம்மா அவன் தலையை இன்னும் தாழ அமுக்கினார். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது, இது விளையாட்டில்லை என்று. மூத்திரம் போய்விட்டான்.

அப்போது மீண்டும் மணி அடித்தது. கதவில் தட்டும் சத்தம். யாராவது உள்ளே இருக்கிறீர்களா என்று ஒரு ஆண்குரல் ஜெர்மனில் கேட்டது. கடைசிச் சுற்றுப் பார்க்க வந்திருக்கிறார்கள், இவர்கள் போனால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று எனக்கு உடனே தெரிந்தது. கத்த வாயைத் திறந்தேன். சின்னம்மா என் மணிக்கட்டை விட்டு, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். காலடிகள் விலகிப் போயின.

நான் அந்தக் கையைக் கடித்தேன். விளையாட்டுக்கில்லை, வாயில் இரத்தம் உப்புக் கரிக்கும் வரை கடித்தேன். கை தளர்ந்தது. எழும்பினேன். தம்பி என் மற்றக் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். அதை உதறினேன். அவன் விடாமல் பிடிக்க, இரண்டாம் தரமும் உதறினேன். படியேறி ஓடினேன். கதை இந்த இடத்தில்தான் பொய்யாகிறது. உதவி கேட்டு ஓடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நினைப்பும் இருக்கவில்லை. அந்த மூன்று பேரையும் மறந்துவிட்டேன். நான் சாகக்கூடாது, அவ்வளவுதான்.

தெருவில் ஆளில்லை. வெயில் கண்ணைக் கூச வைத்தது. பயத்தில் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய், கட்டட வேலை நடந்த பக்கமாக, குண்டு கிடந்த பக்கமாகவே ஓடினேன். ஒரு தெருவின் பாதி தூரம் ஓடியிருப்பேன். பின்னால் என் வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு அலறல். திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் தங்கச்சி, கையில் இழுபட்டபடி தம்பி. பை இல்லை. எங்களைச் செருப்போடு குளிக்க வைத்தவரின் காலில் செருப்பில்லை. ஆர் சொன்னாலும் வெளிக்கிடமாட்டேன் என்றவர், வீடுகள் எல்லாம் மூடிக்கிடந்த அந்தத் தெருவின் நடுவில், திறந்த வானத்துக்குக் கீழே, நெஞ்சு வெடிக்கக் கத்திக்கொண்டு வந்தார். அந்தக் கத்தல்தான் சந்தியில் திரும்ப இருந்த நகராட்சி வாகனத்தை நிறுத்தியது. உள்ளே இருந்த இருவரும் எங்களை அள்ளி ஏற்றினார்கள். இன்னும் சில நிமிடத்தில் தெரு காலி என்று அறிவித்திருப்போம் என்று ஓட்டுநர் திட்டினார். அதை நான் சின்னம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் விளையாட்டு மண்டபத்துக்கு அம்மாவும் அப்பாவும் விழுந்தடித்து வந்தார்கள். என்ன நடந்தது என்று அம்மா கேட்க, சின்னம்மா முந்திக்கொண்டார். "நான் விசரி, பயத்தில கெல்லருக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டன். இவள் மூத்தவள்தான் எங்களை வெளியில கொண்டு வந்தவள். இவள் இல்லாட்டி நாங்கள் இல்லை." சொல்லும்போது கடிபட்ட கையைத் தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்பா என் தலையைத் தடவினார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு ஐந்து வயது, சொல்லத் தெரியவில்லை, பிறகு மறந்தும் போனான். குண்டு மாலைக்குள் சத்தமில்லாமல் செயலிழந்தது. வீட்டுக்குப் போய் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம்.

அதன்பிறகு நான் சின்னம்மாவை விலத்தியே நடந்தேன். பாராட்டுக் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அவரும் இருப்பார், தலையாட்டுவார். அவர் தலையாட்டல் எனக்கு அடிபோல விழும். அவருக்கு விசா கிடைத்தது, மொழி படித்தார், டோர்ட்மண்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் வேலை எடுத்தார். நானும் கல்யாணம் முடித்து அதே நகரத்துக்குப் போனேன். எனக்கு மகள் பிறந்தாள். கோடையில் காப்பகங்கள் மூன்று கிழமை பூட்டுவார்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அது பெரிய தலையிடி. "என்ர குசினியும் பூட்டுத்தானே, பிள்ளையை என்னட்டை விடன்" என்று சின்னம்மாவே கேட்டார். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

சென்ற கோடையில், இரண்டாம் கிழமை, நான் வேலையில் இருக்கும்போது கைத்தொலைபேசி அலறியது. குண்டு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, தெருக்கள் காலி செய்யப்படுகின்றன. பட்டியலில் சின்னம்மாவின் தெரு இருந்தது. அவருக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் தூக்கவில்லை. பத்துத் தரம் எடுத்தேன். கணவர் வேலை விஷயமாக லைப்சிக்கில், அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. கெல்லருக்குள் தொலைபேசிக்கு அலை கிடைக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ட்ராம் பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். தெருவை மறித்து நின்ற பொலிஸ்காரரிடம், அந்த வீட்டின் நிலவறைக்குள் ஒரு பெண்ணும் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள், தட்டினால் திறக்கமாட்டார், உடைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் வானொலிக் கருவியில் கதைத்தார். பார்த்துவிட்டார்களாம், ஒருவரும் இல்லையாம். அன்றைக்கும் அப்படித்தானே பார்த்துவிட்டுப் போனார்கள் என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்களைக் கொண்டுபோய் வைத்திருக்கும் மண்டபத்திலும் ஒருக்கால் பாருங்கள் என்றார்.

மண்டபத்தின் வாசலிலேயே கண்டேன். சுவரோரமாக ஒரு பாயில் சின்னம்மா இருந்தார். மகள் அவர் மடியில் இருந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். "முதல் பஸ்ஸிலயே வந்திட்டம். அவசரத்தில போனை விட்டிட்டு வந்திட்டன், நீ பயந்திருப்பாய்" என்றார். அப்படியே தரையில் இருந்து அழுதேன். அழுகைக்குள் எல்லாம் வந்தது. "சின்னம்மா, அண்டைக்கு நான் உங்களைக் காப்பாத்தேல்லை. உங்களை எல்லாம் விட்டிட்டு ஓடினனான். தம்பியின்ர கையை உதறினனான்."

"தெரியும்" என்றார். மகளின் வாயைத் துடைத்தார். "ரெண்டு தரம் உதறினனீ."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? இவ்வளவு காலமும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

மகள் மடியில் இருந்து இறங்கி, மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் பந்தடித்த பிள்ளைகளை நோக்கி ஓடினாள். நான் கூப்பிட வாயெடுத்தேன். சின்னம்மா என் முழங்காலில் கை வைத்துத் தடுத்தார்.

"ஓடட்டும்" என்றார். "கெல்லருக்குள்ள உனக்குச் சொன்னதைத்தான் நான் என்ர பிள்ளைக்கும் சொன்னனான். பாதுகாப்பெண்டு சொன்ன அந்த இடத்தில, அம்மான்ர கையை விடாத, எழும்பாத எண்டு. பக்கத்தில நிண்ட பிள்ளையள் எல்லாம் எழும்பி ஓடிச்சுதுகள். ஓடினதுகள் இண்டைக்கும் இருக்குதுகள். அவள் விடேல்லை." என்னைப் பார்க்காமலே சொன்னார். "அவள் சொல்வழி கேக்கிற பிள்ளை."